ஜல்லியை அகற்றுங்கள், பிள்ளைகளை வெளியே விடுங்கள்

எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், வணக்கம்.

அங்கன்வாடி முற்றத்தில் குழாய்ப் பணிக்கான ஜல்லியும் எம்சாண்டும் யார் சொல்லி இறக்கப்பட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் மனுக்களும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. பணி முடிந்து குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது. மிச்சக் குவியல் மட்டும் போகவில்லை. சென்ற வாரம் அதில் சறுக்கி விழுந்த ஒரு குழந்தைக்கு நெற்றியில் தையல் போட நேர்ந்தது. அதன்பின் குவியலை அகற்றுவீர்கள் என்று எதிர்பார்த்தோம். பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்ற வாய்மொழி உத்தரவுதான் வந்தது.

இங்குள்ள தாய்மார் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீடு ஒற்றை அறை. தெருவிலோ வண்டிகள் ஓய்வதில்லை. ஓடுவதற்கு இருந்த ஒரே இடம் அந்த முற்றம். இப்போது அரிசி மூட்டைகளுக்கும் அடுப்புக்கும் நடுவே, சுவரோரமாகக் கால் மடக்கி உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தையை அப்படி உட்கார வைக்க அதட்டலைத் தவிர வேறு வழியில்லை. பணியாளரை நான் குறை சொல்லமாட்டேன், உத்தரவு அவருடையதன்று.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல்லாண்டு பழகிய ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் மணலுக்குள் குச்சியை மறைக்கும் குழந்தை, எதிரில் இருப்பவன் எங்கே கை வைப்பான் என்று ஊகிக்கிறது, தன் முறை வரும்வரை பொறுக்கிறது. கூட்டாஞ்சோறு ஆக்கும்போது கூழாங்கல்லை அரிசி என்று வைத்துக்கொண்ட குழந்தைக்கு, ஒரு கோட்டு வடிவம் ஓர் ஒலியைக் குறிக்கும் என்பது பின்னாளில் அந்நியமாகத் தோன்றுவதில்லை. மண்ணைப் பிசைந்து வலுவேறாத விரல்களில் பென்சிலைத் திணித்தால் எழுத்து கோணத்தான் செய்யும். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. எங்கள் பிள்ளைகள் இப்போது நடப்பது கழிப்பறைக்குப் போய்வரும் தூரம் மட்டுமே.

நம் மாநில அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். அந்தப் புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது; ஆட்டத்துக்கும் விளையாட்டுக்கும்தான் தடை. முற்றத்தில் தங்கும் உரிமை ஜல்லிக்கு இருக்கிறது. இதற்கிடையில், எல்.கே.ஜி. பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் கொடுக்கும் தனியார் பள்ளியின் வேன் ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. சேர்க்கை ஏன் குறைந்தது என்று அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் பணியாளரைத்தான் எழுப்பி நிறுத்திக் கேட்பீர்கள். அது வேறு வழக்கு. கோபத்தில் எல்லை தாண்டிவிட்டேன், பொறுத்தருள்க.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே: மழைக்கு முன் முற்றத்தைக் காலி செய்து, பிள்ளைகளை வெளியே விட அனுமதியுங்கள். ஒரு டிராக்டரும் அரை நாளும் போதும். செலவுதான் தடையென்றால் அதை ஊர் மக்கள் ஏற்கிறோம். குவியல் அரசுப் பொருள், நாங்கள் தொடக்கூடாது என்று முன்னர் சொல்லப்பட்டதால், தொடலாம் என்பதை மட்டும் அன்புகூர்ந்து எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
கம்பம் பள்ளத்தாக்கு