கையில் ஏந்தும் குவளைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், அம்மாமார் அனைவருக்கும்,

புதுச்சேரியில் நடந்த குவளைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. போரில் இடிந்த தெருக்களும், காணாமல் போனவர்களின் முகங்களும், அவர்கள் கைப்பட எழுதிய கடித வரிகளும் பதிந்த பீங்கான் குவளைகளை வந்தவர்கள் எடுத்துச் சென்றார்கள். எதற்கும் விலை வைக்கவில்லை. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த ஈரன் டூல், போர்ப் படங்கள் பதித்த குவளைகளைச் செய்து பல ஆண்டுகளாக இப்படித்தான் இலவசமாகக் கொடுத்துவருகிறார். அவர் காட்டிய வழியில்தான் நாங்களும் நடந்தோம். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். தேநீர்க் குவளையில் இருக்கும் முகத்தைத் தினமும் விரல் தொடும். அதனாலேயே குவளை பிடிக்க வாகாகவும், உதட்டுக்கு மெல்லியதாகவும், பார்க்க அழகாகவும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது அலமாரிக்குள் போய்விடும், அந்த முகமும் கூடவே போய்விடும். அந்த அழகைக் கொண்டுவந்தது உங்கள் உழைப்பு.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை அண்ணன்களுக்கு முதல் நன்றி. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணை மூட்டையாக அனுப்பியதோடு அதன் குணத்தையும் சொல்லி அனுப்பினீர்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடந்த மண் அது. கண்ணுக்குத் தெரியாத கரி உள்ளே இருக்கும். முதல் சுடலில் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை காற்றை நன்றாக விட்டு நிதானமாக ஏற்றினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். அவசரப்பட்டால் அடுத்த சுடலில் குவளைச் சுவர் கொப்புளம் கொப்புளமாக உப்பும்.

வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர் ஐயா, மண்ணைச் சக்கரத்தில் ஏற்றுவதற்கு முன் பிசைவதைக் கற்றுத்தந்தார். மண்ணுக்குள் காற்று நின்றால் சுவர் ஒருபக்கம் கோணும். ஒரு குவளைக்கு 350 கிராம் மண் போதும். ஈரத்தில் 10 செ.மீ. எழுப்பினால், உலர்ந்து வெந்தபின் 12 சதவீதம் சுருங்கி 8.8 செ.மீ. நிற்கும். இங்கே வீசும் கடற்காற்றில் குவளையின் காது, அதாவது கைப்பிடிதான், முதலில் காய்கிறது. மெல்லிய காது முந்திச் சுருங்க, தடித்த உடல் ஈரமாகவே இருக்க, ஒட்டிய இடத்தில் வெடிப்பு விழுகிறது. நகம் பதியும் பதத்தில் இரண்டையும் கீறி, அதே மண்ணின் குழம்பை வைத்து ஒட்டி, காதின் மேல் ஈரத்துணி சுற்றி, முழுவதையும் பாலிதீனால் இரண்டு நாள் மூட வேண்டும். அதற்கென்று பழைய நூல் சேலைகளைக் கிழித்துக் கொடுத்த அம்மாமாரே, காதுகள் நின்றது உங்களால்தான்.

இரவெல்லாம் சூளை அருகே விழித்திருந்த தம்பிகளுக்கு நன்றி. உலர்ந்ததுபோல் தெரியும் மண்ணிலும் நீர் உண்டு. அது ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிவதால், 100 டிகிரியைத் தாண்டும்வரை தீயை ஒடுக்கியே வைக்க வேண்டும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் ஆறும்போதும் அந்த இடத்தில் பொறுமை வேண்டும். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுக்கான 1,220 டிகிரிச் சுடலுக்குப் பிறகு, 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்கவிடாமல் எங்களைத் தடுத்ததற்குத் தனி நன்றி.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். படம் பதிவதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த கறுப்பு லேசர் டோனர் வேண்டும். மையில் அச்சாகும் பிரிண்டரும் கலர் லேசரும் உதவாது. அவற்றின் நிறம் சூளையில் எரிந்து போய்விடும். டோனர் பொடியிடம் காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறதா என்று பார்ப்பதே சோதனை. அண்ணன் பழைய பிரிண்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து காந்தம் வைத்துப் பார்த்தார். மங்கலான குடும்பப் படங்களில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டி, முகம் தெளியும்வரை திருத்தினார். சாம்பல் நிறமாகவே அச்சடித்தால் சுட்டபின் முகம் கறையாகத்தான் தெரியும். நனைத்தால் படம் மெல்லிய படலமாக நழுவி வரும் டிகால் தாளில் அச்சடித்ததை ஒரு நிமிடம் நீரில் ஊறவைத்து, கிளேஸ் மேல் நழுவவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பாஞ்சால் நீரைத் தள்ள வேண்டும். அடியில் ஒரு குமிழ் நின்றாலும் அந்த இடத்தில் படலம் வெடித்து, கண்ணோ வாயோ இல்லாமல் போகும். ஒரு நாள் காயவைத்து, புகை போகத் துளையைத் திறந்துவைத்து, சுமார் 1,050 டிகிரிக்குச் சுட்டால் படம் செம்பழுப்பாகக் கிளேஸுக்குள் இறங்கும். சூடு குறைந்தால் விரலால் தேய்த்தாலே அழியும், மிஞ்சினால் வெளுத்துவிடும்.

அக்கம்பக்கத்தார் புகையைப் பொறுத்துக்கொண்டீர்கள். பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் மட்டுமே துடைத்த அக்காமார், சிலிக்காத் தூசியிலிருந்து எல்லோருடைய நுரையீரலையும் காத்தீர்கள்.

அகதிகள் முகாமிலிருந்து படங்களும் கடிதங்களும் கொடுத்த குடும்பத்தாரே, ஒரே ஒரு பிரதி இருந்த படத்தையும் நம்பிக் கொடுத்தீர்கள். எந்த வரி குவளையில் வர வேண்டும், எது வரக்கூடாது என்று நீங்களே முடிவுசெய்தீர்கள். குண்டு விழுந்த தெருவின் படம் வேண்டாம், கல்யாண வீட்டில் சிரிக்கும் படம் போடுங்கள் என்று ஓர் அம்மா சொன்னதும் கண்காட்சியின் போக்கே மாறியது. அழிவின் படங்களுக்கு நடுவே அந்தச் சிரிப்புகளுக்குத்தான் எல்லோரும் கை நீட்டினார்கள்.

உங்கள் படங்களும் கடிதங்களும் உறையிலிட்டுப் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு குவளைகள் எடுத்துவைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சோப்பும் சுடுநீரும் படத்தை ஒன்றும் செய்யாது. அடுப்புத் தீயில் மட்டும் நேராக வைக்க வேண்டாம். காது உடைந்தால் கொண்டுவாருங்கள், அதே படத்தில் வேறொன்று செய்து தருகிறோம்.

அன்புடன்,
குவளைப் பட்டறைக் குழுவினர்