தெற்குத் தெருவில் மூன்று குழிகள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற நில அளவையர். சங்கிலி இழுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஜிபிஎஸ் கருவி கைக்கு வந்த பிறகு வீட்டுக்கு வந்தவன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தது. வால்வை மூட வேண்டும். மூடியோ புது சிமென்ட் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. ஒப்பந்தப் பையன்கள் ஒவ்வொரு வால்வும் இருக்கும் இடத்தை முன்பு போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்து வைத்த பட்டியலைப் பார்த்து ரோட்டை உடைத்தார்கள். இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு குழி, அங்கும் இல்லை. மூன்றாவது குழியில் கிடைத்தது. டேப் வைத்துப் பார்த்தேன், பட்டியல் சொன்ன இடத்திலிருந்து 7 மீட்டர். அதுவரை தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

பையன்கள் மேல் தப்பில்லை. போன் காட்டியதை எழுதினார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டியலை வாங்கிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நின்றதுதான். நான்காம் இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் 11 மீட்டர். அதாவது செயற்கைக்கோள் செய்யும் பிழை ஒருபுறம் இருக்க, நாமே ஒவ்வொரு திசையிலும் ஐந்து மீட்டருக்கு மேல்கூடச் சேர்த்துக்கொள்ள வழி செய்திருக்கிறோம். ஆறு இலக்கம் எழுதினால் இந்தத் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். காசு செலவில்லை.

மிச்சப் பிழை வானத்திலிருந்து வருவது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். நடுவில் இருக்கும் அயனி மண்டலம், அதாவது மேல்வானில் மின்னூட்டம் கொண்ட துகள்கள் நிறைந்த அடுக்கு, சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் புவிகாந்த நடுக்கோடு நம் தென்மாவட்டங்களை ஒட்டிப் போவதால் இங்கே அந்த மண்டலத்தின் ஆட்டம் அதிகம். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது அந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். சில மாதங்களில் பொழுது சாய்ந்த பின் சிக்னல் நடுங்கவே செய்யும். பையன்களோ வெயிலுக்குப் பயந்து மாலை ஆறரைக்கு மேல்தான் கணக்கெடுத்தார்களாம்! போதாக்குறைக்கு எங்கள் தெரு குறுகல், இருபுறமும் மூன்று மாடி. நேராக வர வேண்டிய சிக்னல் மறைந்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது வந்து சேரும்.

‘மேப்பில் ஆட்டோ சரியாக ரோட்டில்தானே போகிறது’ என்று உதவிப் பொறியாளர் கேட்டார். செயலி உங்களை ரோட்டின் மேல் இழுத்து வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். திறந்த வெளியிலேயே போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர். திரையில் நீலப் புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டம் இருக்கிறதே, ஆண்ட்ராய்டு போன்களில் நீங்கள் அதற்குள் இருக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான்.

இதைக் குறைக்க எல்லாரும் சொல்லும் வழி, பல முறை அளந்து சராசரி எடுப்பது. நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு அளவுகளின் சராசரியில் பிழை பாதியாகும், பதினாறில் கால்வாசியாகும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்று முந்நூறு அளவு எடுத்தால் அது முந்நூறு ஆகாது. அதே வானம், அதே சுவர், அதே பிழை. எங்கள் காலத்தில் சங்கிலி நீண்டுபோயிருந்தால் நூறு தடவை அளந்தாலும் நூறு தடவையும் ஒரே தப்புதான் வரும். 1802இல் இந்தியாவின் பெரிய முக்கோண நில அளவையைத் தொடங்க, பரங்கிமலை அருகே அதன் முதல் நேர்கோடான அடிக்கோட்டை அளந்த ஆங்கிலேய அளவையர் லாம்டன், வெயிலில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்தது அதற்காகத்தான்.

ஆகவே வேறு வேறு நேரத்தில் போக வேண்டும். நாளைக்கு இதே நேரம் போனாலும் பயனில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக, கிட்டத்தட்ட அதே இடங்களுக்கு வந்து நிற்கும். சுவரும் அங்கேயேதான் நிற்கும். காலை ஒன்று, முற்பகல் ஒன்று, இன்னொரு நாள் பிற்பகல் ஒன்று என்று எடுத்தால்தான் சராசரிக்கு அர்த்தம்.

அப்படியும் இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே வராது. முக்கிய வால்வுகளுக்கு மட்டுமாவது டிஜிபிஎஸ் கருவியை, அதாவது இரண்டு ஜிபிஎஸ் கருவிகளை ஒப்பிட்டுப் பிழை திருத்தும் ஏற்பாட்டை, வாடகைக்கு எடுங்கள். இடம் தெரிந்த கல்லின் மேல் ஒரு கருவி, வால்வின் மேல் இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் வானத்துப் பிழை ஏறக்குறைய ஒன்றுதான், கழித்துவிடலாம். சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க நிறுவியிருக்கும் நிலையான ஜிபிஎஸ் நிலையங்களின் திருத்தத்தைப் பெற்றால் சென்டிமீட்டர் கணக்கில் வரும். ஆனால் திரும்பி வரும் சிக்னலின் பிழையை இது கழிக்காது. சுவரை ஒட்டி நிற்கிற வால்வுக்கு இதுவும் தடுமாறும்.

அதனால் வால்வு கணக்கெடுக்கும் படிவத்தில் மூன்று கட்டம் கூட்டச் சொல்கிறேன். பிள்ளையார் கோயில் படி மூலை, பள்ளிக்கூடக் காம்பவுண்டு மூலை, பாலத்துக் கைப்பிடிச் சுவர் என்று அசையாத மூன்று இடங்களிலிருந்து வால்வுக்கு டேப் அளவு. மின்கம்பம் வேண்டாம், மாற்றிவிடுவார்கள். போன் தெருவைக் காட்டட்டும், மூடியை டேப் காட்டும். எந்த நாள், எந்த நேரம் எடுத்தது, போன் சொன்ன துல்லியம் என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

மேலத் தெருவில் அடுத்த மாதம் சிமென்ட் போடப்போவதாகக் கேள்வி. அங்கே ஒன்பது வால்வு இருக்கிறது, இப்போது எல்லா மூடியும் கண்ணுக்குத் தெரிகிறது. போடுவதற்கு முன் இரண்டு பையன்களை அனுப்புங்கள். டேப் அளவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். நானும் வருகிறேன், 30 மீட்டர் டேப் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
தெற்குத் தெருவாசி ஒருவர்