வடிக்காத தயிரில் ஸாட்ஸிகி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான 'கிரேக்கத் தயிர்ப் பச்சடி' செய்முறையைப் படித்தேன். கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் பதினேழு ஆண்டுகள் சமையலராக வேலை பார்த்தவன் என்ற முறையில், அதிலுள்ள பிழைகளைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு கிண்ணம் தயிர், நறுக்கிய வெள்ளரிக்காய், நான்கு பல் பூண்டு ஆகியவற்றை மிக்ஸியில் இட்டு ஒரு சுற்றுச் சுற்றி உடனே பரிமாறலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் பூண்டு மணக்கும் மோர் கிடைக்கும்; கிரேக்கர்கள் ஸாட்ஸிகி என்று சொல்லி ரொட்டியில் வழித்து உண்ணும் கெட்டியான தொடுகறி கிடைக்காது.

அந்தப் பண்டத்தின் பக்குவம் முழுவதும் நீரை வெளியேற்றுவதில் அடங்கியிருக்கிறது. முதலில் தயிரிலிருந்து, பிறகு வெள்ளரியிலிருந்து. கிரேக்க வீடுகளில் இதற்கு எடுப்பது 'ஸ்திராங்கிஸ்தோ' எனப்படும் வடித்த தயிர். மரபாக அது துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு நீர் இறக்கப்படுவது. செம்மறியாட்டுப் பாலில் கொழுப்பு பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், அந்தப் பாலின் தயிர் வடிப்பதற்கு முன்பே கெட்டியாக இருக்கும். நம் ஊரில் அதற்கு மிக நெருங்கி வருவது எருமைப்பால் தயிர்தான். ஒரு கிலோ புளிக்காத தயிரைச் சுத்தமான மல் துணியில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இரவு முழுவதும் வடியவிட்டால், காலையில் பாதியளவு மிஞ்சும். நம் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம்.

வெள்ளரி விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் கியோஸ் தீவைச் சேர்ந்த முதுநிலை அதிகாரி ஒருவர். நான் முதன்முறை செய்துவைத்த ஸாட்ஸிகியை அவர் வாயில்கூட வைக்கவில்லை. தட்டைச் சற்றே சாய்த்துக் காட்டினார். ஓரத்தில் நீர் வளையம் கட்டி நின்றது. பிறகு சமையற்கூடத்திற்கே வந்து, வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து விதைப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு, பெரிய கண் துருவியில் துருவி உப்புப் பிசறி வைத்தார். கால் மணி நேரம் கழித்து அதைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, விரலிடுக்கில் சொட்டுவது நிற்கும்வரை பிழிந்தார். இரண்டு பெரிய வெள்ளரிக்காயிலிருந்து அரைக் கிண்ணத்துக்கும் மேல் நீர் இறங்கியது. கையில் நின்றது எலுமிச்சை அளவு உருண்டைகள் சிலவே. அன்று முதல் தட்டைச் சாய்த்துப் பார்க்காமல் நான் அதைப் பரிமாறியதில்லை.

மிக்ஸியை இதில் நுழைக்கவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பாடுபட்டு வடித்த தயிரின் கட்டு அந்த வேகத்தில் உடைந்து தளர்ந்துவிடும். பூண்டு இரண்டு பல் போதும். கல்லுரலில் சிட்டிகை உப்புடன் வெண்ணெய்போல் நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி வினிகரில் கலந்து வைத்துக்கொண்டால் காரம் மட்டுப்பட்டுச் சீராகப் பரவும். நசுக்கும்போதுதான் பூண்டின் காரம் பிறக்கிறது. மறுநாள் அது இன்னும் ஏறி நிற்கும் என்பதால் முதலிலேயே நான்கு பல் போடுவது தவறு. தயிர், பிழிந்த வெள்ளரி, பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி நல்ல ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கரண்டியால் கலந்து, குறைந்தது ஒரு மணி நேரம் குளிர வைக்க வேண்டும். சதகுப்பைக் கீரை கிடைத்தால் பொடியாக அரிந்து சேர்க்கலாம். செய்முறையில் சொல்லியிருந்த கொத்தமல்லிக்கும் பச்சைமிளகாய்க்கும் இதில் இடமில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஸாட்ஸிகி என்ற பெயரே 'ஜாஜிக்' என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்ததுதான். துருக்கியர்கள் அதை நீர் விட்டுத் தளர்த்திக் கரண்டியால் அருந்துவார்கள். சைப்ரஸில் 'தலத்தூரி' என்ற பெயரில் புதினா மணக்கச் செய்வார்கள். ஒவ்வொன்றும் தன் பெயரில் நன்றாகவே இருக்கிறது. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு இடும்போதுதான் குழப்பம் வருகிறது. தயிரின் பெயரே நீதிமன்றம் வரை போயிருக்கிறது: அமெரிக்காவில் தயாரித்த தயிரை இங்கிலாந்தில் 'கிரேக்கத் தயிர்' என்று விற்கக் கூடாது என்ற தீர்ப்பை அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. நம் கடைகளில் வாங்குவோரும் டப்பாவின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. வடிக்காமலே மாவுச்சத்து சேர்த்துக் கெட்டியாக்கிய தயிர், வடித்த தயிர் ஆகாது.

அச்செய்முறையைத் திருத்தி மறுபடி வெளியிடும்போது, 'முந்தைய இரவே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடவும்' என்பதை முதல் வரியாகவே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விருந்தன்று காலையில் பத்திரிகையைப் பார்த்துச் சமைக்கத் தொடங்குபவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையலர்,
தூத்துக்குடி