அத்தான், படகை விற்றுவிட்டேன்

அத்தான்,

நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். அந்த 32 அடிப் படகு இனி எங்களுடையது இல்லை. எவ்வளவுக்குப் போனது, யார் வாங்கினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அக்கா இதை வாசிப்பா, பிள்ளைகளும் வாசிப்பார்கள். உங்கள் பங்கு உங்கள் கணக்குக்கு வந்திருக்கும், அதை மட்டும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்பது, இங்கிலாந்தில் ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்த நம்முடைய அந்த நோர்ஃபோக் ப்ரோட்ஸ் பகுதியில் இருக்கும் பாட்டர் ஹைகம் பாலம்தான். 1385இல் கட்டியது என்று சொல்லும் அந்தக் கல் பாலத்தின் நடு வளைவில், உச்சியில் மட்டும், சராசரி நீர்மட்டத்தில் ஆறரை அடிதான் இடைவெளி. மழை பெய்தால், காற்று ஒரு பக்கமாக அடித்தால், அதுவும் குறையும். நாங்கள் படகின் துணிக் கூடாரத்தைக் கழற்றி, முன் கண்ணாடியை மடக்கி, தண்ணீர் இறங்கும் என்று இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தோம். படகுகளைப் பாலத்துக்குள் ஓட்டிக் கடத்திவிடும் பைலட் வந்தார். அளவுப் பலகையைப் பார்த்தார், எங்கள் கூரையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் நரைத்த தலையோடு ஒரு அம்மா, இருபதடி சொச்சம் இருக்கும், சின்னப் படகில் தனியாக வந்தார். வளைவுக்குள் போகும்போது கல்லில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார், அவ்வளவுதான், அந்தப் பக்கம் போய்விட்டார். ஹிக்ளிங் ஏரிக்கு. நாங்கள் மூன்று வருடமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு. நீங்கள் முன்பக்கத்தில் நின்று, அந்தப் படகு ஆற்று வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கையில் இஞ்சித் தேநீர் ஆறிப்போயிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாங்கும்போதே 22 அடி போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று நான் நின்றேன். ஆறு பேர் படுத்தது மூன்று வருடத்தில் இரண்டே இரவுகள். என்னை மன்னியுங்கள், அத்தான். ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்த காசுக்கு, நல்ல நிலையில் இருந்த 22 அடியும் பழைய 32 அடியும் ஒரே விலைக்குத்தான் நின்றன. அதே காசுக்குப் பத்தடி கூடக் கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? விலை படகின் வயதைப் பார்த்து இறங்கும், செலவு இறங்காது என்று எனக்குத் தெரியவில்லை. படகைக் கட்டி வைக்கும் மூரிங் வாடகை நீளத்துக்கு. கிரேனில் தூக்குவது நீளத்துக்கு. அடிப் பெயின்ட் பரப்புக்கு. ப்ரோட்ஸில் படகுக்கான ஆண்டுக் கட்டணத்தை நீளத்தை அகலத்தால் பெருக்கித்தான் போடுகிறார்கள். இதற்குமேல் இரண்டு என்ஜின், மணிக்கு ஆறு மைலுக்கு மேல் ஓட விடாத ஆறுகளில். இரண்டு என்ஜின் என்றால் எல்லாமே இரண்டு, என்ஜின் தண்டு படகுக்கு வெளியே வரும் இடத்தில் தண்ணீரை மறிக்கும் அந்த ரப்பர் உறை, பெல்லோஸ், உட்பட. அது ஒன்று கிழிந்தாலே படகுக்குள் தண்ணீர்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. வல்வெட்டித்துறையில் வள்ளங்களுக்கு நடுவில் வளர்ந்த ஆள் நீங்கள். ஒரு தரம் மெதுவாகச் சொன்னீர்கள், பிறகு பேசாமல் செக் எழுதித் தந்தீர்கள். அப்புறம் அடுப்படியில் வைத்து அக்காவிடம், "நான் அப்பவே சொன்னனான்." நான் வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டு நின்றேன், எல்லாம் கேட்டது. என் முகத்துக்கு நேரே சத்தம் போட்டிருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டிருக்க மாட்டேனோ என்னவோ, ஆனால் நீங்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

மற்ற விஷயத்தை, ஆஸ்பத்திரியில் நடந்ததை, இங்கே எழுதவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கும், அவ்வளவு போதும்.

ஆனால் அந்த ஜனவரி மாதம், முதுகு வலியோடு பின்பக்கம் குந்தியிருந்து இரண்டாவது பெல்லோஸை மாற்றினீர்களே, விரல் கிழிந்து இரத்தம் வந்தது. ஃப்ளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினீர்கள்.

சரி, புதுசைப் பற்றிச் சொல்கிறேன். 22 அடி. ஒரே டீசல் என்ஜின், ப்ரொபெல்லருக்கு நேராகப் போகும் ஷாஃப்ட், பெல்லோஸ் கிடையாது. இந்தத் தடவை படுக்கைகளை எண்ணவில்லை. டேப்பை எடுத்துப் போனேன். கூடாரத்தை மடக்கித் தண்ணீரில் இருந்து அளந்தால் 5 அடி 11 அங்குலம். பாலம் வளைவானது, உயரம் மட்டும் பார்த்தால் தோள் இடிக்கும் என்று கூரையின் ஓரங்களையும் அளந்தேன். காசைச் சேமிக்கிறேன் என்று போன தடவை, வாங்குமுன் படகைச் சோதிக்கும் சர்வேயை விட்டேனே, இந்தத் தடவை கிரேனில் தூக்க வைத்து சர்வேயரோடு கூடவே நடந்தேன். சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடம் டக் டக் என்றது, இடது பக்கம் ஏணிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பொத்தென்றது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டார். அதைத் திருத்தும் செலவை விலையில் கழித்துத் தந்தார்கள். பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வருடச் செலவையும் முதலில் எழுதிப் பார்த்துவிட்டேன், என் சம்பளத்திலேயே போகும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

படுக்கை இரண்டுதான், அத்தான். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், நீங்களும் நிற்கலாம், பார்த்துவிட்டேன்.

உங்கள் ஸ்பானர் பெட்டியைப் பழைய படகோடு விற்கவில்லை. என் காரில்தான் கிடக்கிறது. வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கவா, இல்லை படகிலேயே வைக்கவா என்று மட்டும் சொல்லுங்கள்.