எத்தனை மணிநேரத்தில் பெய்த மழை?

ஆசிரியருக்கு,

மாரியில் 'நேற்று இத்தனை மில்லிமீற்றர்' என்று செய்தி வருகிறது. எத்தனை மணிநேரத்தில் பெய்தது என்பது அநேகமாக வருவதில்லை. 60 மில்லிமீற்றர் மழை நாள் முழுவதும் தூறினால் நமது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் சுண்ணக்கல்லும் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஒரு மணிநேரத்தில் கொட்டினால் ஒழுங்கைதான் வாய்க்கால். எனவே சிறு வடிகாலின் உச்ச ஓட்டத்தைக் கணிக்க, மிகத் தொலைவிலுள்ள வளவின் தண்ணீர் மதகை வந்தடையும் நேரத்துக்குரிய மழைச்செறிவையே (மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்ற வேகத்தையே) எடுக்க வேண்டும், நாட்கணக்கு உதவாது. அடைமழையில் மண் ஊறிவிட்டால் சிறு தூறலும் ஓடும், அது வேறு. முற்றமெல்லாம் சீமெந்து பூசியபின் (அதிலும் நமக்குப் பெருமை!) பழைய அளவில் மதகு கட்டி என்ன பயன்? புதிய வடிகால்களுக்கு எந்தச் செறிவை, எவ்வளவு நேர மழையை எடுத்தார்கள் என்பதை உள்ளூராட்சி சபைகள் வெளியிடட்டும்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.