போன கை திரும்ப வேண்டும்

கிருஷ்ணகிரி,
ஆனி 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய்ப் பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். பெங்களூரா ரக மாங்காய்க்குக் கூழ் ஆலையில் சொன்ன விலை பறிகூலிக்கே சரியாகப் போயிற்று, மனது ஆறவில்லை. அம்மா நலமாக இருக்கிறார். உன் மாமியார் எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

‘இந்த வயதில் குத்துச்சண்டையா?’ என்று கேட்டிருக்கிறாய். மகளைக் கொண்டுபோய் விடத்தான் போனேன். ஒரு மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, ‘நீங்களும் வந்து நில்லுங்கள் அம்மா’ என்றார் மாஸ்டர். நான்கு மாதமாகிவிட்டது. இன்னும் ஒரே குத்தைத்தான் பழகுகிறேன். அதற்கு ஜாப் என்று பெயர்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது காலை முன்வைத்து நிற்கிறோம். முன்னால் இருக்கும் இடக்கையை நேராக நீட்டிக் குத்துவதுதான் ஜாப். வலக்கை கன்னத்தோரம் காவல் நிற்கிறது. எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அளப்பதும், அவரை நெருங்கவிடாமல் நிறுத்துவதும், பின்னால் வரப்போகும் வலக்கைக்கு வழி திறப்பதும் இந்த ஒரு குத்துதான்.

எனக்கு முழங்கை விரிந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். இடது தோள் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். முழங்கை வெளியே போனால் உரசும். முதல் வாரம் சட்டையின் இடது கை முழுக்கச் சுண்ணாம்பு. வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு துளி வெள்ளை இல்லை. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

முஷ்டியை முதலிலேயே இறுக்கினால் தோள் கல்லாகி வேகம் செத்துவிடும். தளர்வாகப் போகும் கை, கடைசியில் உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி திரும்பி, தொடும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். தோள் எழுந்து தாடையை மறைக்க வேண்டும். இதெல்லாம் பழகப் பழக வந்துவிட்டது. வராதது, நீட்டிய கையைப் போன வழியே திருப்பிக் கொண்டுவருவது. களைத்ததும் என் கை இடுப்புப் பக்கம் தொங்கிக்கொண்டு வரும். அந்த நொடியில் மாஸ்டர் கையிலுள்ள பஞ்சுத் தட்டு என் இடது கன்னத்தைத் தட்டும்.

அவர்தான் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயியின் கதையைச் சொன்னார். தொழில்முறைப் போட்டிகளில் 1936 வரை தோல்வியே காணாதவர். ஜாப் குத்தியபின் அவர் இடக்கை சற்றுத் தாழ்வதை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் கவனித்து வைத்திருந்தார். அந்த ஆண்டு நியூயார்க்கில் அந்த இடைவெளியில் வலக்கையைச் செலுத்திச் செலுத்தி, 12-ஆம் சுற்றில் வீழ்த்திவிட்டார். 1938-இல் லூயி அவரை முதல் சுற்றிலேயே சாய்த்தார் என்பதுதான் மகளுக்குப் பிடித்த பகுதி. எனக்கோ அந்த முதல் தோல்வி மனதைவிட்டுப் போகவில்லை. அவ்வளவு பெரிய வீரருக்கும் என் கைக்கு வரும் அதே பிழை!

‘பெண்பிள்ளையின் முகத்தில் அடிபட்டால் யார் கட்டுவார்கள்?’ என்று ஓர் உறவினர் கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. நாம் படித்த காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் குத்துச்சண்டையே கிடையாது. 2012-இல் லண்டனில்தான் சேர்த்தார்கள். அங்கே வெண்கலம் வாங்கிய மேரி கோம் அப்போது இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய். இதைச் சொன்னேன், அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்கு நீ கட்டாயம் வர வேண்டும். ஒகேனக்கல் போய்விட்டு வருவோம். வரும்போது ஈரோட்டுச் சந்தையில் கைக்குச் சுற்ற நல்ல பருத்திப் பட்டை கிடைத்தால் இரண்டு ஜோடி வாங்கி வா. நாலரை மீட்டர் நீளம், இரண்டு அங்குல அகலம். மகளுக்குச் சிவப்பு வேண்டுமாம். எனக்கு எந்த நிறமானாலும் சரி, சாயம் போகாமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
உன் தோழி