காணிக்கையும் விறகும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள், மனமுவந்து கொடுத்த காணிக்கையைக் கொண்டே எருசலேம் ஆலயத்தைக் கட்டி வழிபாட்டையும் நடத்தினார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை கூறியது. இதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

கி.மு. 538-இல் பாரசீக அரசன் கோரேசின் ஆணை பெற்றுத் திரும்பியவர்கள், ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுமுன்பே பலிபீடத்தை எழுப்பிப் பலியிடத் தொடங்கிவிட்டார்கள். வம்சத் தலைவர்கள் 'தங்கள் சக்திக்குத்தக்கதாக' 61,000 தங்கக்காசு கொடுத்ததாக வேதாகமத்தின் எஸ்றா புத்தகம் கூறுகிறது. நெகேமியா புத்தகத்தின் பட்டியலோ தலைவர்கள் 20,000, மற்ற ஜனங்களும் 20,000 என்று பிரித்துக் காட்டுகிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றாலும், சாதாரண ஜனங்களின் பங்கு தனியே எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னர் பாரசீகத்தின் தரியு அரசன் கட்டுமானச் செலவை அரசாங்க வருமானத்திலிருந்து கொடுக்கச் சொன்னதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

ஆனால் கட்டி முடித்த ஆலயத்தில் அன்றாடம் பலி நடக்க வேண்டுமே! அதற்கு உற்சாகம் மட்டும் போதவில்லை. பாரசீக அரசன் அனுப்பிய ஆளுநர் நெகேமியாவின் காலத்தில் ஜனங்கள் ஆளுக்கு ஆண்டுதோறும், சேக்கல் என்ற வெள்ளி எடையில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பதாக உடன்படிக்கை எழுதி முத்திரையிட்டார்கள். பலிபீடத்துக்கு எந்தக் குடும்பம் எப்போது விறகு கொண்டுவருவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். கட்டாயம்தான், ஆனால் தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொண்ட கட்டாயம்.

அதுவும் நிலைக்கவில்லை. நெகேமியா அரசனிடம் போயிருந்த இடைவெளியில், தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) சாம்பிராணியும் வைக்கும் பெரிய அறையை ஆசாரியன் எலியாசிப் தன் சம்பந்தக்காரன் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். அதில் தங்கள் பங்கு கிடைக்காத ஆலயப் பணியாளரான லேவியரும் பாடகரும் அவரவர் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். திரும்பி வந்த நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து, அறைகளைச் சுத்திகரித்து, பொக்கிஷ அறைகளுக்கு உண்மையுள்ளவர்கள் எனப் பெயர் பெற்ற நால்வரைப் பொறுப்பாக நியமித்தார்.

மனமுவந்த கொடையை நான் குறைத்துப் பேசவில்லை. அதைத் தாங்கிநின்ற சீட்டையும் கணக்கையும் காவலையும் மறைத்துவிட்டு எழுதுவதுதான் சரியில்லை என்கிறேன். நெகேமியாவின் புத்தகத்தில் கடைசி வசனம்கூட, குறித்த காலத்தில் வரவேண்டிய விறகுக் காணிக்கையைத்தான் மறுபடி நினைவூட்டுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.